குதிரைவாலி மிஷினுக்கு ஒரு கிழமை

காலை எட்டு மணி, வந்த மூட்டை பூஜ்யம், காத்திருப்பவர் முருகேசன்: சிறு உணவுத் தொழிலுக்கு உதவப் போகிறவர்களின் முதல் நாள் பெரும்பாலும் இப்படித்தான் விடியும். விவசாயிகள் கம்பெனியிலோ மகளிர் குழு அலுவலகத்திலோ வேலை பார்த்தவர்கள் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள்.

துடைத்து வைத்த மிஷின்

தை பிறந்ததும் எங்கள் விவசாயிகள் கம்பெனி பரளச்சியில் குதிரைவாலிக்குத் தோல் நீக்கும் மிஷின் ஒன்றை இறக்கியது. அதுவரை அறுத்த தானியத்தை அப்படியே வியாபாரிக்குத் தள்ளிவிட்டு, அரிசியைக் கடையில் வாங்கிய ஊர். மிஷின் வருகிறது என்று நம்பி, அந்த ஊர்ப் பேச்சியம்மாளும் அவருடைய மகளிர் குழுப் பெண்களும் குதிரைவாலி அரிசியைப் பாக்கெட் போட்டுத் தருவதாகப் பாளையம்பட்டிக் கடைகளில் பேசி வைத்திருந்தார்கள்.

மிஷினை ஓட்டும் முருகேசன் எம்.ரெட்டியபட்டிக்காரர். அங்கேயும் ஒரு மிஷின் ஓட்டுகிறார். செவ்வாயும் வெள்ளியும்தான் அவருக்கு ஓய்வு. அந்த இரண்டு நாளைப் பரளச்சிக்கு ஒதுக்கினோம். வாரங்கள் போயின, ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மாசி முடிவதற்குள் ஓடாவிட்டால் மிஷினை வேறு ஊருக்கு மாற்றிவிடுவேன் என்று மேலாளர் சொல்லிவிட்டார். முருகேசனிடம் நிலவரம் கேட்டேன். "ஓட்டுனதை விட இதைத் தொடைச்சதுதான் சார் ஜாஸ்தி."

கூட்டம் போட்டால் கூட்டம் வரும்

வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் தானியம் இன்னும் காயவில்லை. இன்னொரு வீட்டில் வீட்டுக்காரர் டவுனுக்குப் போயிருந்தார். எல்லா வீட்டிலும் "நாளைக்குக் கொண்டாரோம் சார்" மட்டும் மாறாமல் கிடைத்தது. விழிப்புணர்வு போதவில்லை என்று முடிவு கட்டினேன். எங்கள் தொழிலில் காரணம் தெரியாதபோது சொல்வது இதைத்தான்.

ஒரு புதன்கிழமை கூட்டம் போட்டு, திரையில் படம் காட்டி, நார்ச்சத்தைப் பற்றி வெகுநேரம் பேசினேன். உட்கார இடமில்லை, கைதட்டல் வேறு. வெள்ளிக்கிழமை மிஷின் முன்னால் நானும் முருகேசனும்தான் நின்றோம். வழியில் பார்த்த பேச்சியம்மாளிடம், கூட்டத்தில் என்ன குறை என்று கேட்டேன். "ஒரு கொறையும் இல்ல சார். வடை நல்லாருந்துச்சு."

வாசலில் ஒரு மறியல்

அடுத்த வெள்ளி, ஷேர் ஆட்டோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேச்சியம்மாள் வீட்டுக்கே போய்விட்டேன். நானே மூட்டையைத் தூக்குவது என்ற தீர்மானம். அவர் நிலைப்படியில் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"செவ்வா வெள்ளியில தவசம் தானியம் வீட்டுப் படி தாண்டாது சார். ஒங்க வீட்டுல வெள்ளிக்கிழமை அடுத்த வீட்டுக்கு அரிசி அளந்து குடுப்பாகளா?"

மாட்டார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு உப்புகூட வெளியே போகாது. கிழமை குறித்த நாங்கள் ஒருவரும் அலுவலகத்தில் இதை நினைக்கவில்லை. முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "தெரிஞ்சுதான் செய்யுறீகன்னு நெனச்சோம். மிஷினைத் திருப்பி எடுத்துட்டுப் போறதுக்கு இது ஒரு வழி போலன்னு பேசிக்கிட்டோம்."

முருகேசனின் ஓய்வு நாள்

கிழமையை மாற்றினால் தீர்ந்தது என்று மிஷினடிக்கு ஓடினேன். திங்கள், வியாழன் இங்கே வாருங்கள், செவ்வாய், வெள்ளி உங்கள் ஊரில் ஓட்டிக்கொள்ளுங்கள் என்றேன். முருகேசன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அங்கயும் அந்த ரெண்டு நாளு ஒருத்தரும் வாரதில்லன்னுதான சார் எனக்கு லீவு!"

வியாபாரி குடோனில் காவல்

பேச்சியம்மாள்தான் வழி சொன்னார். திங்கள் சாயங்காலமும் வியாழன் சாயங்காலமும் மூட்டை வீட்டை விட்டு வெளியேறிவிட வேண்டும். மறுநாள் அரைத்த அரிசி வீட்டுக்குள் வருவதில் தோஷமில்லை; வெள்ளிக்கிழமை வந்தால் இன்னும் விசேஷம். சரி, ராத்திரி மூட்டையை எங்கே வைப்பது? மிஷின் கொட்டகைக்குக் கதவு கிடையாது. ஊரில் பூட்டுள்ள ஒரே குடோன் தானிய வியாபாரி ரகுமத்துல்லா பாயுடையது. அரிசியாக்கி விற்கத் தொடங்கினால் முதல் நஷ்டம் அவருக்குத்தான்.

கேட்கத் தயங்கி நான் வெளியே நின்றேன். பேச்சியம்மாள் உள்ளே போய் நேராகக் கேட்டார்.

"இடந்தானம்மா, வச்சுக்கங்க. தவிட்டை மட்டும் எங்க ஆடுகளுக்கு விட்டுரணும்" என்றார் பாய்.

"பாதி, பாய். எங்க வீட்டு ஆடும் ஆடுதான்."

பாதிக்கே முடிந்தது. மூட்டைகள் மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொருத்தரும் தங்கள் பழைய சேலையில் கிழித்த துணியால் வாய் கட்டிக் கொண்டுவந்தார்கள். குடோனில் கலர் கலராக மூட்டை அடுக்குவதைப் பாய் வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு விக்க வேண்டிய தவசத்துக்கு என்னையவே காவல் போட்டுட்டீகளே, நல்லாருங்க!"

மேலாளர் வருகை

மாசிக் கடைசி வெள்ளியன்று மேலாளர் ஜீப்பில் வந்தார். வந்த வேலை, மிஷினை ஏற்றுவதா விடுவதா என்று பார்ப்பது. கொட்டகையைச் சுற்றிக் கூட்டம், மிஷின் சத்தத்தில் அவர் கேட்டது யார் காதிலும் விழவில்லை. மூட்டை பிரித்துக்கொண்டிருந்த பேச்சியம்மாளை நெருங்கி, தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளத் தொடங்கினார். "செத்த ஓரமா நில்லுங்க சார், தவிடு பறக்குது."

உதவிக்குப் போகிறவன் ஊரிடம் எல்லாவற்றையும் கேட்பான், எந்தக் கிழமை வரட்டும் என்பதைத் தவிர.

பங்குனி முதல் வாரத்தில் பரளச்சி மிஷினின் நான்கு கால்களையும் சிமெண்டுத் தரையில் போல்ட் போட்டு இறுக்கினார்கள்.