ஓட்டை உள்ள குண்டு

அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகுதான் அவருடைய தையல் பெட்டியைத் திறந்தோம். ஆவடியில் ராணுவத்துக்கு உடுப்பு தைக்கும் தொழிற்சாலையில் அவர் டெய்லர். குவார்ட்டர்ஸில் எல்லோர் வீட்டிலும் துணி தைக்கத் தெரிந்தவர்கள் இருந்ததால் அந்தப் பெட்டிக்கு எங்களிடம் தனி மரியாதை எதுவும் இல்லை. உள்ளே கத்தரி, சாக்குக்கட்டி, பாபின்கள். அடியில், காடாத் துணியில் சுற்றிய ஒரு இரும்புச் சாமான்.

குறடு மாதிரி இரண்டு கைப்பிடி. வாயைப் பிளந்தால் இரண்டு பக்கமும் அரைச் சுண்டைக்காய் அளவுக்குக் குழி. மூடினால் உள்ளே ஒரு உருண்டை நிற்கும் அளவுக்கு இடம், மேலே ஊற்றுவதற்கு ஒரு துளை. அந்தக் குழியின் குறுக்கே சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்று செருகியிருந்தது. உருவினால் கையோடு வந்தது.

அதோடு அப்பாவின் சட்டைப்பை டைரி. அவர் வீட்டில் பேசுவதே குறைவு, எழுதுவது அதைவிடக் குறைவு. ஒரு பக்கத்தில் இவ்வளவுதான் இருந்தது: ‘குண்டு 24. கோயில்.’

அம்மா அதைப் படித்துவிட்டு வாசல் கதவைச் சாத்தினாள்.

இன்றைக்குச் சொன்னால் சிரிப்பு வரலாம். அது தொண்ணூறுகளின் தொடக்கம், தேர்தல் கூட்டத்துக்கு வந்த தலைவர் மனித வெடிகுண்டில் இறந்த சமயம். பூந்தமல்லிக்குப் போகிற பஸ்ஸைப் போலீஸ்காரர்கள் நசரத்பேட்டை பக்கம் நிறுத்தி, சாப்பாட்டுக் கூடையைக்கூடத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா பணியில் இருக்கும்போதே இறந்ததால் அவர் வேலையை எனக்குத் தருவதாகப் பேச்சு. அதற்குப் போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு ஆள் வருவார்கள். வேலை கிடைக்காவிட்டால் குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். இந்த நேரத்தில் குண்டு, கோயில் என்று ஒரு மனிதர் எழுதி வைத்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. உயிரோடு இருந்தபோதும் வாயைத் திறக்கவில்லை, போகும்போதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று மனதுக்குள் அவரைத் திட்டினேன்.

“என்னன்னு கேட்டுட்டு வா. ஆனா திரும்ப இந்த வீட்டுக்குள்ள கொண்டாராத” என்றாள் அம்மா.

பக்கத்துத் தொழிற்சாலையில் டூல் ரூமில் இருந்து ஓய்வு பெற்ற அப்பாவின் நண்பர் ஒருவர் கொரட்டூரில் வீடு கட்டிக்கொண்டு போயிருந்தார். அந்த மாமாவிடம் டிபன் பையில் வைத்து எடுத்துப் போனேன். ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எதிரில் இருந்த அத்தனை பேரும் என் பையையே பார்ப்பதாகத் தோன்றியது.

மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“இன்னாம்மா, இத்த எங்க புட்ச்ச?”

“அப்பா பெட்டியில இருந்துச்சு மாமா.”

“இது தோட்டா வார்க்குற அச்சு. அந்தக் காலத்துல துப்பாக்கி வாயில மருந்து கெட்டிச்சு சுடுவான் பாரு, அதுக்கு. ஈயத்த உருக்கி இதுல ஊத்துனா உருண்ட உழும். நம்ம பேக்டரி சாமான் இல்ல. நூறு வருசம் இருக்கும்.”

“இந்தக் கம்பி?”

“அதாம்மா புரில. கம்பி வெச்சு வார்த்தா குண்டுல ஓட்ட உழும். ஓட்ட குண்டு நேரா போவாதே. எவன் இத்த சொருவுனான்?” குரலைத் தாழ்த்தினார். “ஊட்ல வெச்சிக்காத. டைம் சரியில்ல.”

அவர் சொன்னதில் தோட்டா என்ற சொல் மட்டும்தான் என் காதில் நின்றது. ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில் ஏரிக்கரையில் ஏறி, யாரும் இல்லாத இடமாகப் பார்த்து, துணியோடு வீசினேன். பெரிய சத்தம்கூட வரவில்லை. அப்பா யாரோடு சேர்ந்து, யாருக்காக, எதற்கு என்று அன்றைக்கெல்லாம் நினைத்தேன். அப்படியெல்லாம் நினைத்தேன் என்பதை இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் பெயரையும் படிப்பையும் கேட்டு, டீ குடித்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெட்டியைத் திறக்கவில்லை. வேலை கிடைத்தது. அப்பா உட்கார்ந்த வரிசையிலேயே ஒரு மெஷினும் கிடைத்தது.

செப்டம்பர் மாதா திருநாளுக்குக் கொடி ஏறுவதற்கு முன்னால், எங்கள் கோயில் உபதேசியார் ஒரு புதுப் பட்டுத் துணியோடு வீட்டுக்கு வந்தார்.

“அப்பாதான் வருசா வருசம் ஓரம் அடிச்சுக் குடுப்பாரு. இப்ப நீதாம்மா குடுக்கணும். ஊட்ல குண்டு எதுனா கீதா?”

அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“என்ன குண்டு?” என்றாள் அம்மா.

“இன்னாம்மா, உங்களாண்ட சொன்னதே இல்லியா? சப்பரத்துல மாதாவுக்குப் போத்துற துணி காத்துல பறந்து மெழுவத்தில படும். ஒரு வருசம் பத்திக்கவே பாத்துச்சு. அப்பறம் அவுருதான் ஓரத்துக்குள்ள ஈயக்குண்டு வெச்சு தெச்சாரு. நான் கோயில் பின்னால மெழுவு உருக்குற அடுப்புலதான், சனிக்கெழம சாயங்காலம் வந்து ஈயத்தயும் உருக்குவாரு. நேர்ச்ச துணி, திருநா முடிஞ்சா குடுத்தவங்களுக்கே போயிடும், குண்டோட. அதனால வருசத்துக்கு இருவத்தி நாலு. உங்க தாத்தா கொக்கு சுட்ட துப்பாக்கியோட அச்சாம். கொல்றதுக்கு வெச்சிருந்தத கோயிலுக்குக் குடுத்துட்டேன்னு சிரிப்பாரு.”

அப்பா சிரிப்பாரா என்று கேட்கத் தோன்றியது. அவர் எங்களிடம் எதையும் மறைக்கவில்லை. நாங்கள் சனிக்கிழமை சாயங்காலம் எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

“அச்சு தொலஞ்சு போச்சு” என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

“அப்ப இந்தா, போன வருசம் மிஞ்சுனது” என்று உபதேசியார் சட்டைப்பையில் இருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். சின்ன ஈய உருண்டை. நடுவில் ஓட்டை.

டெய்லர் மகள் நான். அப்போது நானே டெய்லர். வேறு எந்தச் சாமானைக் காட்டி இந்த ஓட்டை எதற்கு என்று யாராவது கேட்டிருந்தாலும், நூல் கோக்க என்று உடனே சொல்லியிருப்பேன்.

மீதி இருபத்து மூன்றுக்கு இரும்புக் கடையில் நட்டு வாங்கி வந்தேன். அம்மா எதிரில் உட்கார்ந்து துணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசி மூலைக்கு வந்தபோது கேட்டாள்.

“நாம அப்பாவ என்னன்னுடி நெனச்சோம்?”

முன்பக்க மூலையில், மெழுகுவர்த்திக்கு மிக அருகே வரும் இடத்தில், அந்த ஒரு குண்டை வைத்து ஊசியை நீட்டினேன். ஓட்டைக்குள் நூல் முதல் தடவையிலேயே போய்விட்டது.