கமக்காரர் கூட்டத்தில் என் நாவல்

இன்று பின்னேரம் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் என் நாவல் திருத்தப்பட்டது!

ஓம், சரியாகத்தான் வாசித்தீர்கள். உரத்துக்கும் வாய்க்கால் துப்புரவுக்கும் நடுவில்.

மூன்று வருடமாக எழுதுகிறேன். முதல் நாவல். நான்கு தரம் திருத்தி, கிளிநொச்சியில் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் போட்டு, "பிழை இருந்தால் சொல்லுங்கோ" என்று அப்பாவிடம் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டும்.

(அப்பாதான் எங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்பின் செயலாளர். ஆகவே பிழை என்னில்தான்.)

அவருக்குத் தெரிந்த ஒரே திருத்தம் கூட்டறிக்கைத் திருத்தம். சபையில் வாசிப்பது, ஒருவர் முன்மொழிவது, இன்னொருவர் வழிமொழிவது!

நான் தேத்தண்ணியோடு உள்ளே போகிறேன், அப்பா கதைச் சுருக்கம் சொல்லி முடித்து, மைக்கில் கடைசி அத்தியாயம் வாசித்துக்கொண்டு நிற்கிறார்!

கதை இதுதான்: வசந்திக்குத் தாய் தகப்பன் இல்லை. அண்ணன் மூன்றாம் அத்தியாயத்தில், யுத்தத்தில் காணாமல் போகிறான். கடைசியில் அவள் வயலை விற்றுவிட்டுக் கனடாவுக்குப் போகிறாள்.

பொருளாளர் எழும்பினார்.

"நெல்லு வெட்டி முடிஞ்ச வயல் எப்பிடிப் பிள்ளை பச்சைப் பசேலெண்டு கிடக்கும்? கடைசியா எப்ப வயலுக்கு வந்தனீர்?"

ஒரே சிரிப்பு. திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அடுத்தவர்: "வசந்தி கனடாவுக்குப் போகக்கூடாது. வேணுமெண்டா வவுனியா மட்டும் போகட்டும்."

முன்மொழிந்தாயிற்று, வழிமொழிந்தாயிற்று. கையை உயர்த்தி வாக்கெடுப்பு வேறு!

"அப்பா, இது கதை!"

"கதையெண்டாலும் சபை முடிவு சபை முடிவுதான். குழப்பாமல் இரு பிள்ளை."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. புத்தகத்தைப் பறிக்கப் போனேன்.

அப்போது பின்வரிசையில் சிவமலர் அக்கா எழும்பினார். இரண்டு ஏக்கரைத் தனி ஆளாகச் செய்கிறவர். கூட்டத்தில் வாயே திறக்காதவர்.

"கனடாவுக்கு அவள் போகட்டும். வயலை எப்பிடி வித்தவள்?"

"ஒரு ஆள் வந்து வாங்கினதெண்டு எழுதியிருக்கிறன்தானே அக்கா."

"இஞ்ச எல்லாம் அரசாங்கம் தந்த பெர்மிட் காணி. தகப்பனுக்குப் பிறகு மூத்த பொடியன்ட பேர்தான். அண்ணன்ட கையெழுத்தும் இல்லை, மரணச் சான்றிதழும் இல்லை. அவன் செத்திட்டான் எண்டு வசந்தி எத்தினையாம் பக்கத்தில கையெழுத்து வச்சவள்?"

அப்பா மைக்கைக் கீழே வைத்தார்.

சிவமலர் அக்காவின் அண்ணனும் இன்னும் வரவில்லை. அண்ணன் இறந்துவிட்டார் என்று பதிகிற படிவம் நிரப்பப்படாமல் அவர் வீட்டு அலுமாரியில் கிடப்பது ஊருக்கே தெரியும்.

"மூண்டாம் அத்தியாயத்தோட நீர் அவனை மறந்திட்டீர் தங்கச்சி. அவள் மறந்திருப்பாளோ?"

நான்கு தரம் திருத்தினேனே, ஒரு தரம்கூட இது என் கண்ணில் படவில்லை! வெட்கமாக இருந்தது.

மிச்சப் பதினொரு அத்தியாயத்தையும் திரும்ப எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை போச்சு. மூன்று வருடமும் போச்சு. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. (பச்சை வயலை இரவோடிரவாக அழித்துவிடுவேன், பொருளாளர் ஐயா கவலைப்பட வேண்டாம்!)

வசந்தி எங்கே போவாள் என்பதை இனி சபை அல்ல, அவள்தான் சொல்ல வேண்டும்.

இறுதித் திருத்தம்: அண்ணன் கடைசிப் பக்கம் வரைக்கும் வர வேண்டும்.

முன்மொழிந்தவர்: சிவமலர் அக்கா.

வழிமொழிந்தவர்: நான்.