ஜெயகௌரி கண்டது மட்டும்

ஜெயகௌரி நாற்பத்து மூன்று வயதில் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். குற்றவியல் நீதித்துறையில் பட்டப்படிப்பு. முதல் நாள் ஒரு மாணவி அவளை விரிவுரையாளர் என்று நினைத்து, பிந்தி வந்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். ஜெயகௌரி மன்னித்துவிட்டு அவளுக்குப் பக்கத்துக் கதிரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

டென்மார்க்கில் பதினைந்து வருடம் மீன் தொழிற்சாலையில் நின்றவள். பிறகு குடும்பத்தோடு லண்டனுக்கு வந்து கிங்ஸ்பரியில் வீடு எடுத்தார்கள். கணவர் சற்குணம் வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கிறவர். அவளுக்கு வெம்பிளிப் பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. அந்த வேலைக்கான லைசன்ஸ் வகுப்பில், ஒருவரைத் தடுத்து வைக்க யாருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று கேட்டாள். "அதெல்லாம் வக்கீல்களுக்கு. உங்கள் வேலை வாசலில் நிற்பது" என்றார் வகுப்பு எடுத்தவர். அந்தப் பதில் அவளுக்குள் கிடந்து கொதித்தது. நான்காவது மாதம் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டாள்.

மச்சாள் பாலாம்பிகைக்கு இது பிடிக்கவில்லை. "இந்த வயசிலை படிக்கிறதெண்டால் ஒரு அக்கவுண்டிங்கைப் படியுமன். உது கள்ளரைப் பற்றின படிப்பெல்லோ?"

"கள்ளரைப் பற்றி மட்டும் இல்லை மச்சாள். கள்ளர் எண்டு பிடிக்கிறவையைப் பற்றியும்தான்."

வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு, நான்கு நாள் வாசல். முதல் வருடம் இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டு மணியிருக்கும், மெலிந்த ஒரு மனிதன் ஜாக்கெட்டுக்குள் இரண்டு இறைச்சிப் பொதிகளை வைத்துக்கொண்டு வெளியே போனான். ஜெயகௌரிக்கு அவனைத் தெரியும். முன்பும் எடுத்திருக்கிறான். ஒருமுறை அவள் தடுத்தபோது, உன் நாட்டுக்கே திரும்பிப் போ என்று கெட்ட வார்த்தையோடு சொல்லியும் இருக்கிறான்.

அவள் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து கஸ்பர் ஓடி வந்தான். கடையின் துணை மனேஜர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. இந்த வேலைக்கு அவளைச் சேர்த்துவிட்டதே அவன்தான். ஓடி வந்தவன் அந்த மனிதனின் ஜாக்கெட் தொப்பியைப் பின்னாலிருந்து எட்டிப் பிடித்தான். அவன் உதறிக்கொண்டு போக, கஸ்பர் பின்னால் தடுமாறி, பூக்கள் வைக்கும் பெட்டியில் கால் தடக்கி விழுந்தான். மணிக்கட்டு உடைந்துவிட்டது. அன்று மாலையே பொலிஸ் அந்த மனிதனைப் பிடித்தது.

வாசல் கமரா பழுதாகி இரண்டு கிழமை. கண்டது ஜெயகௌரி மட்டும்தான்.

மூன்றாம் நாள் கஸ்பர் கையில் கட்டோடு வந்து ஒரு படிவத்தை நீட்டினான். பொலிசுக்குக் கொடுக்கும் வாக்குமூலம். அவள் பெயரில் எல்லாம் எழுதி நிரப்பியிருந்தது. 'அவர் கஸ்பரின் நெஞ்சில் இரண்டு கைகளாலும் தள்ளியதைக் கண்டேன்.'

"அக்கா, ஒரு கையெழுத்துத்தான்."

"தம்பி, அவன் உம்மைத் தள்ளேல்லை. நீர்தான் தொப்பியைப் பிடிச்சனீர்."

கஸ்பர் குரலைத் தாழ்த்தினான். "கள்ளரிலை கை வைக்கக் கூடாதெண்டு கம்பனி சட்டம். நான் பிடிச்சதெண்டு தெரிஞ்சால் என்ரை வேலை போயிடும். அவன் உங்களையும் பேசினவன்தானே? அவனுக்காண்டியோ நிக்கிறியள்?"

"அவனுக்காண்டி இல்லை."

படிவத்தின் தொடக்கத்தில் ஒரு வரி இருந்தது: பொய் என்று தெரிந்தே எதையாவது எழுதினால் என்மேல் வழக்குத் தொடரலாம் என்பதை அறிவேன். போன கிழமைதான் வகுப்பில் இந்த வரியை வைத்து இரண்டு மணித்தியாலம் பேசியிருந்தார்கள். ஆனால் அவளை நிறுத்தியது அந்த வரி இல்லை. தான் காணாத ஒன்றைத் தான் கண்டதாக வேறொருவர் எழுதி வைத்திருந்ததுதான். வெறும் படிவம் ஒன்றை எடுத்து, கண்டதை மட்டும் எழுதினாள். இறைச்சி எடுத்தது, தொப்பியைப் பிடித்தது, உதறியது, பூப்பெட்டி. தானே பொலிசுக்கு அனுப்பினாள்.

அடுத்த திங்கட்கிழமை செக்யூரிட்டிக் கம்பனியிலிருந்து விஷால் என்ற மேற்பார்வையாளர் அழைத்தார். இனி அவளுக்கு ஸ்ட்ரெதமில் வேலை. வீட்டிலிருந்து போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை. காரணம் கேட்டாள். "ஷிப்ட் தேவை" என்றார்.

சற்குணம் அன்றிரவு சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். "இஞ்சை பாரப்பா, உனக்கென்ன விசரோ? எங்கடை பெடியனை விழுத்திப்போட்டு ஒரு கள்ளனைக் காப்பாத்திறாய். சனம் என்னத்தைக் கதைக்கும்?"

"சனம் வாசல்லை நிண்டதோ? நான் நிண்டனான்."

"வேலையை விடு. இல்லாட்டிப் படிப்பை விடு. ரெண்டும் உன்னாலை ஏலாது."

"ரெண்டையும் விடமாட்டன்."

அவள் விடவில்லை. காலை ஆறரைக்குப் புறப்பட்டாள். ஜூபிலி லைன் ரயிலில் நின்றபடி தண்டனைக் கோட்பாடுகளை வாசித்தாள். வேலையைத் தானாக விட்டுவிடுவாள் என்றுதான் அனுப்பினார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதனாலேயே ஒருநாள்கூடப் பிந்திப் போகவில்லை.

ஜூனில் நீதிமன்றம் கூப்பிட்டது. திருட்டை அந்த மனிதன் ஒப்புக்கொண்டான், தாக்கியதை மறுத்தான். அவனுடைய வக்கீல் ஜெயகௌரியைச் சாட்சியாக அழைத்திருந்தார். முதல் நாள் வகுப்பில் மன்னிப்புக் கேட்ட மாணவி மேனுஷா மட்டும் கூட வந்தாள். ஜெயகௌரி சாட்சிக் கூண்டில் ஏறினாள். எதிரே கஸ்பர் இருந்தான்.

அரசுத் தரப்பு வக்கீல் கேட்டார்: "நீங்கள் குற்றவியல் நீதி படிக்கிறீர்கள். படித்ததைப் பரீட்சித்துப் பார்க்க ஆசைப்பட்டீர்களா?"

"நான் படிக்காமல் இருந்திருந்தாலும் கஸ்பருடைய கால் அந்தப் பெட்டியில்தான் தடக்கியிருக்கும்."

"குற்றம் சாட்டப்பட்டவர்மேல் உங்களுக்கு அனுதாபமா?"

"இல்லை. அவர் திருடியவர். என்னையும் கேவலமாகப் பேசியவர். எனக்கு அவரைக் கண்டால் பிடிக்காது. ஆனால் அவர் தள்ளவில்லை."

தாக்கிய குற்றச்சாட்டு தள்ளுபடியானது. திருட்டுக்குத் தண்டனை கிடைத்தது. வெளியே வந்த அந்த மனிதன் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

கஸ்பருக்கு வேலை போகவில்லை; கடைசி எச்சரிக்கைக் கடிதத்தோடு வேறு கிளைக்கு மாற்றினார்கள். ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை கிங்ஸ்பரியில் மரக்கறிக் கடையில் இருவரும் நேருக்கு நேர் சந்தித்தார்கள். அவன் மணிக்கட்டு இன்னும் சரியாக மடங்கவில்லை.

"இப்ப சந்தோசமோ அக்கா?"

"இல்லை தம்பி. உம்மை நினைச்சுக் கன நாள் நித்திரை வரேல்லை. ஆனால் இண்டைக்கு அந்தப் பேப்பரைத் தந்தாலும் நான் கண்டதைத்தான் எழுதுவன்."

அவன் கூடையை வைத்துவிட்டுப் போய்விட்டான். ஜெயகௌரி முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சமைத்து முடித்ததும் மேசையில் உட்கார்ந்து, தன்னை ஏன் ஸ்ட்ரெதமுக்கு மாற்றினார்கள் என்று எழுத்தில் விளக்கம் கேட்டுக் கம்பனிக்கு மூன்றாவது கடிதத்தை எழுதத் தொடங்கினாள். முதல் இரண்டுக்கும் பதில் வந்திருக்கவில்லை. இந்த முறை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி கேட்கிறாள் என்பதையும் சேர்த்து எழுதினாள்.