மூக்கு கைவிட்ட அமிர்தசாமி

மரக்காணத்தில் ஈசிஆர் ஓரம் பட்டறை வைத்திருக்கும் அமிர்தசாமிக்கு மூக்குதான் மூலதனம். பழைய கார் எது வந்தாலும் பின்னால் குந்தி, சைலன்சர் புகையை ஒரு இழுப்பு மோந்து பார்ப்பார். "பெட்ரோல் ஜாஸ்தி", இல்லையென்றால் "காத்து ஜாஸ்தி" என்று சொல்லிவிடுவார். முக்கால்வாசி சரியாக இருக்கும். தப்பாகும் கால்வாசியை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. அத்தனை வீம்பு.

கொரோனா அந்த மூக்கைக் கொண்டுபோய்விட்டது. காய்ச்சல் விட்டது, நாக்கில் ருசி திரும்பியது, வாசனை மட்டும் வரவேயில்லை. மனைவி சகாயமேரியைத் தவிர யாருக்கும் தெரியாது. பக்கத்து டயர் கடைக்காரன் நான், தினமும் அவரோடு டீ குடிப்பவன். எனக்கே சொல்லவில்லை என்ற கோபம் இன்னும் ஆறவில்லை.

உப்பள வேலைக்காரன் பக்கிரி ஒரு பழைய அம்பாசிடர் வைத்திருந்தான். அவன் மனைவி ராசம்மாளுக்கு வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், புதுச்சேரியில் டயாலிசிஸ். பஸ்ஸில் போக அவளுக்குத் தெம்பில்லை. அந்தக் கார் கரும்புகை கக்க ஆரம்பித்ததும் இவரிடம் கொண்டுவந்தான்.

அமிர்தசாமி வழக்கம்போலக் குந்தினார், மோந்தார், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகினார். நிற்கிற வண்டியில் புகை அவ்வளவாகத் தெரியாது. பெட்ரோல் வாடை குறைந்ததா என்று மூக்குதான் சொல்ல வேண்டும். "சரியாயிடுச்சு, எடுத்துட்டுப் போ" என்றார்.

வெள்ளிக்கிழமை, புதுச்சேரிக்குக் கொஞ்சம் முன்னால், பெரிய முதலியார்சாவடியில் கார் நின்றுவிட்டது. அவர்கள் போய்ச் சேர்வதற்குள் ராசம்மாளின் முறை போய்விட்டது. திங்கட்கிழமை அவள் கால் வீங்கி, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. பக்கிரி அன்று மதியம் காரோடு வந்தான்.

"அண்ணே, நாளைக்கும் நின்னுட்டா அவ தாங்க மாட்டா."

அமிர்தசாமி இந்த முறை குந்தவில்லை.

"எனக்கு மோப்பம் கெடையாது பக்கிரி. நாலு வருசமா. அன்னிக்கு சும்மா நடிச்சேன்."

"மொதல்லயே சொல்லியிருந்தா வேற எடத்துல காட்டியிருப்பேனே!"

அமிர்தசாமி பானட்டைத் திறந்தார். கழற்ற ஆரம்பித்தார். நாலு பிளக்கும் கரி. ஏர் ஃபில்டர் பார்க்க வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. தொட்டால் அப்பளம் மாதிரி விறைப்பு. விரலால் தேய்த்து நாக்கில் வைத்தார். உப்பு.

"இத எதுல கழுவுன?"

"அளத்து பம்புலதான். ஆஸ்பத்திரி போறதுக்கு மொத நாளெல்லாம் கழுவி வெயில்ல வெச்சிடுவேன். அவ போற வண்டி சுத்தமா இருக்கட்டுமேன்னு."

ஃபில்டர் காகிதத்தின் கண்ணெல்லாம் உப்பு அடைத்து, காற்றுக்கு வழியில்லாமல் பெட்ரோல் மட்டும் போய் பிளக்கைக் கரியாக்கியிருந்தது. வருஷம் பூராவும் வெயிலில் உப்புத் தண்ணீரைக் காய வைப்பவனுக்கு, அது காய்ந்தால் என்ன ஆகும் என்று தோன்றவில்லை. பக்கிரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"நீ கழுவுனது தெரியாம. நான் தெரிஞ்சே பண்ணேன்" என்றார் அமிர்தசாமி. புது ஃபில்டர், புது பிளக் போட்டார்.

செவ்வாய் விடிந்ததும், கூப்பிடாமலே முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பெரிய முதலியார்சாவடி வந்தபோது பின்னால் திரும்பினார்.

"ராசம்மா, பெட்ரோல் வாட வருதாம்மா?"

மூச்சு வாங்கியபடி அவள் கண்ணாடியை இறக்கி மோந்து பார்த்தாள். "இல்லண்ணே. கடக்காத்துதான் வருது."

ஏழு மணி முறைக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள். அவளை உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கவைத்த பிறகு அமிர்தசாமி வராந்தாவில் நின்று அழுதார் என்று பக்கிரி என்னிடம் சொன்னான். இவனும் கூடவே அழுதிருப்பான். அதை மட்டும் சொல்லவில்லை.