வட்டக் கீறல்கள்

எங்கள் புதுக் காரைக் கீறியது, அடையாறில் எங்கள் குடியிருப்பின் கார்களைக் கழுவும் தேவிதான் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். மறுநாளே எல்லோரும் அவளை நிறுத்திவிட்டார்கள்.

ஞாயிறன்று நானே கழுவ இறங்கினேன். தினமும் மகளைப் பள்ளியில் விடக் கிளம்பும் அவசரத்தில் செய்வதுபோல, புழுதியை முதலில் உலர்ந்த துணியால் துடைத்தேன்.

"தேவி ஆன்ட்டி இப்படி வட்டமா துடைக்க மாட்டாங்கம்மா. தண்ணி ஊத்திட்டு நேரா இழுப்பாங்க" என்றாள் மகள்.

குனிந்து பார்த்தேன். கீறல்கள் அத்தனையும் வட்டம் வட்டமாக இருந்தன.

தேவியைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "அன்னிக்கு அல்லாருக்கும் சொன்னியேக்கா, இத்த எனக்கு மட்டும் சொல்றியே?" என்றாள்.

உடனே குழுவில் உண்மையை எழுதினேன். முதல் செய்திக்குப் பதில்கள் குவிந்திருந்தன. இதற்கு ஒருவரும் பதில் போடவில்லை. நான் மட்டும் அவளைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை.