ஏழாவது மாடி நாற்காலி

லிஃப்ட்டுக்குள் சாமந்தி வாசனை நின்றால் எனக்கு அவர் ஞாபகம் வந்துவிடும். கோந்த்வாவில் எங்கள் குடியிருப்பின் காவல்காரர். நரைத்த மீசை, தொளதொளத்த நீலச் சீருடை. என்ன சுமையானாலும் படியேறித்தான் வருவார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, இரு கைகளையும் விரித்து அகலம் பார்ப்பார்.

தண்ணீர் கேனை என் வாசலில் இறக்கியவரிடம், "லிஃப்ட் இருக்கே அண்ணா?" என்றேன் ஒருநாள்.

கேனை ஓரமாக நகர்த்தியபடி அவர் சொன்னார். கட்கி ஆற்றோரத்தில் அவர் குடும்பம் இருந்த குடிசைகளை இடித்துவிட்டு, வேறொரு கட்டடத்தின் ஏழாவது மாடியில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். பழைய அக்கம்பக்கத்தாரையெல்லாம் குலுக்கல் போட்டு வேறு வேறு கட்டடங்களுக்குச் சிதறடித்திருந்தார்கள். நிற்கிறவர்களுக்கு மட்டும் அளவெடுத்துக் கட்டிய கட்டடம். அங்கேதான் அவர் மனைவி இறந்தார்.

"படித் திருப்பத்துல பாடை திரும்பாது சார். லிஃப்ட்டுலயும் படுக்க வைக்க இடமில்ல. பிளாஸ்டிக் சேர்ல உக்கார வெச்சு, சேலையால கட்டி, லிஃப்ட்டுல எறக்கினோம். சாமந்தி மாலைய பையில வெச்சிருந்தேன். நாலாவது மாடியில யாரோ ஒருத்தன் ஏறினான். சிரிச்ச மொகமா அவளப் பாத்து, 'எங்க கெளம்பிட்டீங்க, மாவ்ஷி?'ன்னு மராத்தில கேட்டான்."

அவர் படியிறங்கத் திரும்பினார்.

"அவளுக்காக நான்தான் பதில் சொன்னேன் சார். கட்கிக்குன்னு."