அனாத்தும் ஆனந்தியும்

டண்டினொங்கில் நான் வேலை செய்யும் பிஸ்கற் தொழிற்சாலையில், ஒவ்வொரு நாளும் என்னை அநாதையாக்கிவிட்டுத்தான் மெஷினைப் போடுவார்கள். சூப்பர்வைசர் கிரெக் நல்ல மனிதர். ஆனால் ஆனந்தி என்ற என் பெயர் அவர் வாயில் தடுக்கி விழுந்து, 'அனாத்' என்று எழும்பும். நானும் "யெஸ், கிரெக்" என்று போய்விடுவேன். பெயருக்காகச் சண்டை பிடிக்கவா பிளேன் ஏறி வந்தோம்?

ஒருநாள் பின்னேர இடைவேளையில், மன்னாரில் இருக்கும் அம்மாவோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கமாக வந்த கிரெக் என்னை 'அனாத்' என்று அழைத்துவிட்டார். அம்மாவின் முகம் மாறியது.

"நான் இன்னும் சாகேல்லப் பிள்ளை. ஆர் உன்னை அநாதை எண்டு கூப்பிடுறது?"

எவ்வளவோ விளக்கியும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போனை வைத்தார். பேசாமல் 'ஆன்' என்று மாற்றிவிடலாமா என்று மரியத்திடம் கேட்டேன். என்னோடு பெட்டி அடைக்கும் மரியம், கெய்ரோவில் நூதனசாலை வழிகாட்டியாக இருந்தவள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அனாத் என்பது கானான் தேசத்துப் போர்த் தெய்வமாம். எகிப்துக்கு வந்தபோது அங்குள்ளவர்கள் அவள் பெயரை மாற்றவில்லை. தங்கள் எழுத்திலேயே எழுதிக் கும்பிட்டார்களாம். ஓர் அரசன் தன் மகளுக்கே 'அனாத்தின் மகள்' என்று பெயர் வைத்தானாம், 'மகள்' என்ற சொல்லையும் சேர்த்துக் கானான் மொழியிலிருந்தே கடன் வாங்கி.

அவர்கள் அதைச் சரியாக உச்சரித்தார்களா என்று கேட்டேன். அந்தத் தெய்வத்தின் கையில் கோடரி இருந்தது, உன் கையில் பிஸ்கற் பெட்டிதானே இருக்கிறது என்றாள் மரியம்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த அழைப்பில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தாமல் தேத்தண்ணி குடிக்காத அம்மா, சிலுவை போட்டுக்கொண்டார்.

"வேதக்காரப் பிள்ளைக்கு அம்மன்ரை பேரோ? அதுக்கு அநாதையே பரவாயில்லை. போய் உன்ரை பேரைச் சொல்லிக் குடு."

போனேன். கிரெக்கின் முகம் சிவந்துவிட்டது. இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். மெஷின்களுக்கு நடுவே நின்று 'ஆ', 'ஆனன்' என்று முணுமுணுத்துப் பழகினார். மரியமும் உதவிக்கு வந்து, தன் பங்குக்கு இன்னொரு பிழையைச் சொல்லிக் கொடுத்தாள்.

அடுத்த கிழமை கன்ரீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து யாரோ "ஆனந்தி" என்று அழைத்தார்கள். முதலெழுத்து நீண்டு, கடைசி எழுத்து மெலிந்து, அச்சொட்டாக இருந்தது. ஆனந்தி என்ற பெயரில் யாரோ தமிழ்ப்பிள்ளை புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டு, நானும் அவளைத் தேடிச் சுற்றிப் பார்த்தேன். கிரெக் என்னைப் பார்த்துக் கையசைத்தார்.